தேர்ந்து தெளிதலும் தேர்வதற்கான வெளியும்: ஊவாத் தோட்டப்புறக் கத்தோலிக்க வாழ்வை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

1

கத்தோலிக்க மரபில் 'தேர்ந்து தெளிதல்' எனத் தமிழில் வழங்கிவரும் கருத்து, நெடுங்காலம் குருமடங்களுக்கும் துறவற இல்லங்களுக்கும் உரிய பயிற்சியாகவே பெரிதும் கருதப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் அது பொதுநிலையினரின் அன்றாட வாழ்வுக்குரிய ஒழுக்கமாகப் பரவலாகப் போதிக்கப்படுகின்றது. இயேசு சபையிலிருந்து பாப்பரசராகத் தெரிவான பிரான்சிஸ் (1936–2025), 2022 ஓகஸ்ட் 31 முதல் 2023 சனவரி 4 வரை இப்பொருள் குறித்து 14 மறைக்கல்வி உரைகளை நிகழ்த்தினார். செபம், தன்னையறிதல், விருப்பம், தன் வாழ்வையே ஒரு நூலாக வாசித்தல், வறட்சி, ஆறுதல், ஆன்மிக வழித்துணை என்பன அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுட் சில. தொழில், திருமணம், பிள்ளைகளின் கல்வி, பணச்செலவு ஆகிய யாவற்றிலும் இறைவிருப்பம் யாதென ஒவ்வொருவரும் தேர்ந்து தெளியலாம் என்பதே இவ்வகைப் போதனையின் சாரம் எனலாம்.

இப்போதனையின் இறையியல் உண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது எத்தகைய மனிதரைத் 'தேர்பவர்' எனக் கற்பனை செய்கின்றது என்ற வினாவையே நாம் எழுப்ப விரும்புகின்றோம். தேர்தல் என்ற வினைக்குத் தேர்வதற்கான பொருள்கள் இரண்டேனும் வேண்டும். அவற்றை நிறுத்துப்பார்க்கக் காலமும் இடமும் வேண்டும். தேர்ந்ததைச் செயற்படுத்த ஓரளவேனும் அதிகாரம் வேண்டும். வெலிமடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்திற்குச் செல்லும் கத்தோலிக்கத் தொழிலாளி ஒருத்திக்கு இவை எவ்வளவு வாய்த்துள்ளன? வாய்க்காதவிடத்து இப்போதனை அவளுக்கு என்ன செய்கின்றது? இவ்வினாக்களை விடுத்து இக்கருத்தை மதிப்பிடுவது அரைகுறை மதிப்பீடாகவே முடியும்.

2

தேர்ந்து தெளிதலுக்கு முறையான வடிவம் தந்தவர் லொயோலாப் புனித இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் காயமுற்ற இப்பிரபுகுலத்துப் போர்வீரர், தம் குடும்ப மாளிகையில் பல மாதம் படுக்கையிற் கிடந்தார். வீரதீரக் கனவுகள் முதலில் இன்பந் தந்து பின்னர் உள்ளத்தை வறட்சியில் விடுவதையும், கிறிஸ்துவினதும் புனிதர்களினதும் வாழ்வு பற்றிய எண்ணங்கள் நிலைத்த ஆறுதலைத் தருவதையும் அங்கே அவர் கவனித்தார். இக்கவனிப்பே பின்னர் மன்ரேசாவில் விரிவடைந்து, 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலாயிற்று. இம்முறை ஓர் ஓய்வுக் காலத்திற் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. காலொடிந்த பிரபுவுக்கு மாளிகையும் நூல்களும் மாதக்கணக்கான தனிமையும் கிடைத்தன. காலொடிந்த கூலியாளுக்கு அவற்றின் இடத்தில் வருமான இழப்பும் கடனுமே கிடைக்கும்.

பிறப்புச் சூழலைக் கொண்டு மட்டும் ஒரு கருத்தை நிராகரிப்பது விஞ்ஞானபூர்வமாகாது. எனினும் நூலின் உள்ளேயே இச்சமூக வேறுபாடு பதிவாகியுள்ளது. நூலின் தொடக்கத்திலுள்ள 20 முன்குறிப்புகளில் 19ஆவது, பொதுப்பணிகளில் ஈடுபட்டுள்ள கல்வியோ ஆற்றலோ உடையவர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தம் இல்லத்திலிருந்தே பயிற்சிகளைச் செய்ய வழிகூறுகின்றது. 18ஆவது குறிப்போ கல்வியறிவற்றவருக்கும் குறைந்த ஆற்றலுடையவருக்கும் மனச்சான்றை ஆராய்தல், கட்டளைகளைத் தியானித்தல், பாவசங்கீர்த்தனம் ஆகிய எளிய பயிற்சிகள் போதும் எனக் கூறி, அத்தகையோரை 'தேர்வு' என்னும் பகுதிக்குள் அழைத்துச் செல்லவேண்டாம் என அறிவுறுத்துகின்றது. ஆளின் தகுதிக்கேற்பப் பயிற்சியைத் தகவமைக்கும் பரிவு இக்குறிப்பில் உண்டு என வாதிடலாம், அது நியாயமே. இஞ்ஞாசியாரே அல்காலாவில் 1526–27 ஆண்டுகளில் எளிய மக்களுக்கும் பெண்களுக்கும் ஆன்மிக வழிகாட்டியமைக்காக விசாரணைக்கும் சிறைவாசத்திற்கும் உள்ளானவர். ஆயினும் இக்குறிப்பின் பயன் தெளிவானது: கற்றவருக்குத் தேர்வு, கல்லாதவருக்குப் பாவத்தை ஆராய்தல். தோட்டத்துச் சிற்றாலயங்களில் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குக் கிட்டிய ஆன்மிகம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினதே என்பதை அங்கு வாழ்ந்தோர் எளிதில் உணர்வர்.

தமிழ் மரபிலும் நிலைமை பெரிதும் வேறன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' என்னும் பெயருடையது. 47ஆம் அதிகாரம் 'தெரிந்து செயல்வகை'. இவ்விரண்டும் பொருட்பாலின் அரசியலில் இடம்பெறுவன. முன்னையது அரசன் தன் வினையாளரை ஆராய்ந்து தெரிவு செய்வதைப் பற்றியது. பின்னையது செயலொன்றின் ஆக்கத்தையும் அழிவையும் முன்கூட்டி எண்ணுவதைப் பற்றியது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனாக்கிய வீரமாமுனிவர், இஞ்ஞாசியாரின் பயிற்சிகளில் உருவான இயேசு சபைத் துறவி. அவர் கையில் இவ்விரு மரபுகளும் சந்தித்தன எனலாம். இரண்டிலும் தேர்பவன் அதிகாரமுடையவன், தேரப்படுவோர் ஏனையோர். ஆகவே இக்கருத்தைத் தொழிலாளர் வாழ்வுக்குக் கொண்டுவரும்போது சொல்லை மட்டும் இறக்குமதி செய்தல் போதாது. அதன் சமூக அடித்தளமும் மாற்றப்படவேண்டும்.

3

ஊவாத் தோட்டப்புறத்தில் தேர்வு என்பது வரலாற்று ரீதியாக எவ்வாறு அமைந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் எனத் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் உடன்பாடு காணப்பட்டது. அப்பேச்சுவார்த்தைகளில் இம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

எனினும், ஒப்பந்தத்தின் பின்னர் ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பப் படிவமொன்றை நிரப்ப வேண்டியிருந்தது. இந்தியாவா, இலங்கையா என்பதே வினா. பாட்டனார் விட்டுவந்த ஊரின் பெயரை மட்டுமே அறிந்தவர்கள், பெற்றோரின் கல்லறைகள் தேயிலைச் செடிகளுக்கிடையே கிடக்கும் நிலத்தை விட்டுப்போவதா என்று தீர்மானிக்க நேர்ந்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் விண்ணப்பித்துப் பிரிந்த குடும்பங்கள் பல. பார்வைக்கு இதனைவிடப் பெரிய 'தேர்வு' ஒன்று எளிய குடும்பத்திற்கு வாய்ப்பதரிது. ஆனால் உண்மையில் நடந்ததென்ன? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் இலங்கைக் குடியுரிமைக்கும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இந்தியக் குடியுரிமைக்கும் விண்ணப்பித்தனர். மக்களின் விருப்பமும் ஒப்பந்தத்தின் எண்ணிக்கையும் எதிரெதிராக நின்றன. நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டமொன்று 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய தருணத்தில் 'இறைவிருப்பத்தைத் தேர்ந்து தெளியுங்கள்' என்று மட்டும் கூறுவதன் பொருள் யாது? டில்லியிலும் கொழும்பிலும் எழுதப்பட்ட எண்களைக் குடும்பத்தின் அந்தரங்கச் செபத்திற்குள் திணித்து, விளைவின் பொறுப்பை அக்குடும்பத்தின் தலையிலேயே சுமத்துவதாக அது முடியும். பிரிந்து போனவரும் தங்கியவரும் பின்னாளில் துன்புற்றபோது, தாம் சரியாகத் தேரவில்லை என்ற குற்றவுணர்வும் அத்துன்பத்துடன் சேர்ந்துகொள்ளும். தேர்வின் எல்லைகளை வகுத்தவர் யார் என்பதை வினவாத தேர்ந்து தெளிதல், அநீதிக்கு இறைவனின் கையொப்பத்தைப் பெற்றுக்கொடுக்கும் அபாயம் உடையது.

இனி, தேர்ந்து தெளிதலுக்கு மௌனமும் தனிமையும் இன்றியமையாதன என ஆன்மிக வழிகாட்டிகள் வற்புறுத்துவர். உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துச் செபிக்குமாறு மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. உள்ளறை இல்லாத வீட்டைப் பற்றி எழுதியவர் இப்பிரதேசத்தின் எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப் (1934–2022). பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த இக்கத்தோலிக்கரின் 'மீன்கள்' என்ற சிறுகதை, லயத்தின் ஒற்றைக் காம்பிராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளுடன் வாழும் குடும்பத்தின் நெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. அங்கே அந்தரங்கம் என்பதே இல்லை. கணவன் மனைவி உறவும் பிள்ளைகளின் பருவமும் முதியோரின் நோயும் ஒரே இருளில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இத்தகைய படைப்புகள் நமது ஆன்மிக நூல்கள் காணத் தவறிய ஓர் உண்மையைக் காட்டுகின்றன: தனிமை என்பது மனப்பயிற்சியால் மட்டும் கிட்டுவதன்று, அது சுவர்களாலும் ஆவது.

4

அவ்வாறாயின், தொழிலாளர் வாழ்வில் தேர்ந்து தெளிதலுக்கு இடமே இல்லையா? இல்லை என்று கூறுவது எளிது. பொருளாதார நிர்ணயவாதம் அவ்வாறே கூறும். அக்கூற்று தொழிலாளரை மீண்டும் ஒருமுறை தேர்விலிருந்து விலக்கிவைப்பதாகவே அமையும். 18ஆவது முன்குறிப்பு பரிவின் பெயரால் செய்ததை இது விஞ்ஞானத்தின் பெயரால் செய்கின்றது. தோட்டத்து மக்கள் நாள்தோறும் தேர்கிறார்கள். குறுகிய வெளிக்குள் தேர்கிறார்கள் என்பதனால் அத்தேர்வுகளின் கனதி குறைந்துவிடுவதில்லை.

வெலிமடைச் சூழலில் வழக்கமாக எழக்கூடிய ஒரு நிலைமையை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். தாயொருத்தி கொழுந்து பறிக்கின்றாள். கணவன் தோட்ட வேலை குறைந்த நாட்களில் அயற் கிராமங்களின் உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்கின்றான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காத நாளில் கிடைப்பது அரைப்பேர்தான். கடையிற் கடன், மகளுக்குப் பரீட்சை, முதிய மாமியாருக்கு நோய். மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல முகவர் ஒருவர் ஆசைகாட்டுகின்றார். போவதா, இருப்பதா?

இவ்வினாவைத் தோட்டத்தில் பலரும் பலவாறு தீர்த்துக்கொள்வர். குறி கேட்பவர் உளர். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பவர் உளர். கத்தோலிக்கருள்ளும் வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து கண்ணிற்பட்ட வசனத்தை விடையாகக் கொள்வோர் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவதற்கு முன், அவற்றின் சமூகப் பயனை நோக்குதல் தகும். தாங்கமுடியாத பொறுப்பினைத் தன்னிலும் பெரிய ஒன்றிடம் ஒப்படைத்து, பின்விளைவுகளின் பழியிலிருந்து தாயைக் காப்பாற்றும் வழிகள் அவை. ஆனால் அவை வினாவை ஆராய்வதில்லை. முகவரின் பேச்சையும் கடனின் வரலாற்றையும் அவை தொடாமலே விட்டுவிடுகின்றன.

இவ்விடத்தில்தான் இஞ்ஞாசியாரின் நூல், அதன் வர்க்க எல்லைகளையும் மீறி, பயன்படத்தக்க கருவிகளைத் தருகின்றது. எண்ணமொன்று நல்லதாகத் தோன்றினாலும் அதன் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றையும் ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்பது அவர் விதிகளுள் ஒன்று. இதனைப் பிரயோகித்தால், வெளிநாடு செல்லும் எண்ணத்தின் தொடக்கம் தாயின் பேராசையில் இல்லை, கூலியின் போதாமையில் உள்ளது என்பது புலனாகும். நடுவில் நிற்பவர் தரகுப்பணம் பெறும் முகவர். முடிவில் நிற்பவர்கள் பிள்ளைகள். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன அறிவுரை கூறுவோம் எனச் சிந்திக்குமாறும் அவர் கூறுவர். லயத்தில் அப்படி ஒருத்தியைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. அடுத்த காம்பிராவிலேயே அவள் இருக்கின்றாள். இருவரும், பின்னர் நால்வரும், இவ்வினாவை ஒருங்கே ஆராயும்போது, அதுகாறும் தனிக்குடும்பத்தின் விதியெனத் தோன்றியது பொதுப்பிரச்சினையெனத் தெரியவரும். அவர்களிற் பெரும்பாலோர் சைவர்களாகவே இருப்பர் என்பதும் கருதத்தக்கது. தோட்டத்தில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்களின் தேர்ந்து தெளிதல் தனித்ததொரு சமயக் குழுவின் இரகசியமாக இருக்கவியலாது.

இவ்விதிகளைப் பிழையாகப் பிரயோகிக்கும் அபாயமும் உண்டு. முன்னர் எடுத்த தீர்மானத்தை வறட்சி நிலையில் மாற்றலாகாது என்பது இஞ்ஞாசியாரின் புகழ்பெற்ற விதி. தளர்ந்த உள்ளத்தை அவசர முடிவுகளிலிருந்து காக்கும் நுட்பம் இதிலுண்டு. ஆயின் பட்டினியையும் அவமதிப்பையும் ஆன்மிக வறட்சியெனக் கருதி, 'இப்போது எதையும் மாற்றவேண்டாம், பொறுத்திரு' என்று தொழிலாளிக்கு அறிவுரை கூறினால், விதி அதன் எதிர்மறையாகிவிடும். பசி, வறட்சி நிலையன்று. அது சம்பளப் பிரச்சினை. அதேபோல, உள்ளத்தின் அமைதியை இறைவனின் அடையாளமாகக் கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். தீமையில் ஊறிப்போனவருக்குத் தீய ஆவியே போலி இன்பத்தைக் காட்டி அதில் ஆழ்த்தும் எனவும், நல்லாவியோ மனச்சான்றைக் குத்திக் கலக்கமுறச் செய்யும் எனவும் அந்நூலே கூறுகின்றது. தொழிலாளியின் உழைப்பில் வாழும் தோட்ட நிர்வாகியின் நித்திய அமைதியையும், 'ஏன்' என்று கேட்கத் தொடங்கிய தொழிலாளியின் கலக்கத்தையும் இவ்விதியின் வெளிச்சத்தில் நோக்குவோமாயின், எது ஆறுதல், எது மயக்கம் என்பதில் நமது வழமையான எண்ணங்கள் தலைகீழாகும்.

5

இத்தகைய தலைகீழ் மாற்றத்திற்கு ஊவாவிலேயே வரலாற்றுச் சான்றுகள் உண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது, 1959 முதல் கண்டியின் ஆயராகவிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, நிறுவனங்களும் வசதிகளும் நிறைந்த கண்டியைத் தாமாகவே விட்டு, வறிய ஊவாவின் முதல் ஆயராக வந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பங்குபற்றிய இத்துறவி, பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பயிற்சி இல்லத்தை நிறுவினார். குருத்துவப் பயிற்சி மக்களின் வாழ்விடத்திலிருந்து பிரிந்த கட்டடத்துள் நிகழக்கூடாது என்பதே அதன் அடிப்படை. 1982இல் அவர் மறைந்தார். தேர்பவர் எங்கிருந்து தேர்கிறார் என்பது தேர்வின் உள்ளடக்கத்தையே மாற்றும் என்ற உண்மையை அவரது இடமாற்றம் உணர்த்தியது எனலாம்.

இரண்டாவது சான்று அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்ரிகோ அடிகளார். மேல்நாட்டில் உயர்பட்டங்கள் பெற்ற இப்பேராசான், சேவக செவனவில் பணியாற்றிய பின்னர், 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தல பிரதேசத்தில் 'சுப செத் கெதர' என்ற சிறு இல்லத்தை அமைத்து, முற்றிலும் பௌத்தர்களான சிங்கள விவசாயிகளிடையே வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்றுவது அவர் நோக்கமன்று. மூலிகை மருத்துவம், இளைஞர் கல்வி, கரும்புச் செய்கைக்கு நிலமிழக்கும் விவசாயிகளின் உரிமை என்பவற்றில் அவர் உழைத்தார். 1987இல் நாடு வன்முறையில் மூழ்கியபோது அவருக்கு மிரட்டல்கள் வந்தன. அங்கிருந்து வெளியேறுவதா, மக்களோடு தங்குவதா என்பதை அச்சிறு சமூகத்தினர் செபத்தோடு கூடிச் சிந்தித்தனர். 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலைத் திருப்பலியின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் போயிருக்கலாம். அவருக்குப் போக இடமிருந்தது. அயலிலிருந்த விவசாயிகளுக்கு அது இல்லை. தேர்வதற்கான வெளியுடைய ஒருவர், அவ்வெளியில்லாதவர்களின் நிலையில் நின்று தம் தேர்வை நிகழ்த்தினார். இஞ்ஞாசியார் வற்புறுத்தும் பற்றற்ற சமநிலை, அதாவது நெடிய வாழ்வையும் குறுகிய வாழ்வையும் ஒப்ப நோக்கும் மனநிலை, இங்கே தியான அறைக்கு வெளியே சோதிக்கப்பட்டது. அம்மனநிலையை வசதியுள்ளவர் தம்மிடம் கோரிக்கொள்வது அறம். வறியவரிடம், வறுமையையும் செல்வத்தையும் ஒப்ப நோக்கு என்று பிறர் கோருவது கொடுமை. ஒரே கோட்பாடு யார் யாரிடம் கூறுகிறார் என்பதற்கேற்ப அறமாகவும் கொடுமையாகவும் மாறுகின்றது.

இம்முயற்சிகளையும் விமர்சனமின்றி ஏற்கவேண்டியதில்லை. அவற்றின் வரலாறு பெரும்பாலும் ஆயர், குருமார் ஆகியோரின் பெயர்களாலேயே சொல்லப்படுகின்றது. அவர்களோடு கூடிச் சிந்தித்த விவசாயியும் தோட்டத் தொழிலாளியும், குறிப்பாகப் பெண்களும், அவ்வரலாற்றில் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர். தேர்வை மக்களிடம் கொண்டுசென்றவர்களின் கதையிலும் மக்கள் தேர்ந்தது என்ன என்பது பதிவாகவில்லையெனின், பழைய முன்குறிப்பின் நிழல் இன்னும் நீங்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

6

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? தேர்ந்து தெளிதல் என்னும் ஒழுக்கம் தோட்டப்புறக் கத்தோலிக்கரின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படவேண்டுமாயின், 'இறைவன் நான் எதனைத் தேர வேண்டுமென விரும்புகிறார்' என்ற வினாவுக்கு முன்னரே வேறு மூன்று வினாக்கள் கேட்கப்படவேண்டும். என் முன் வைக்கப்பட்டுள்ள இத்தெரிவுகளை வகுத்தவர் யார்? என்னைப்போல் இதே தெரிவுகளின் முன் நிற்பவர் யாவர்? இவற்றைத் தவிர மூன்றாவது வழியொன்றை நாம் கூடி உண்டாக்க இயலுமா? முதலாவது வினா குற்றவுணர்வைக் குறைக்கும். இரண்டாவது தனிமையைக் குறைக்கும். மூன்றாவது, தேர்வதற்கான வெளியையே விரிக்கும். இவற்றைக் கேட்பதற்குக் கல்வியோ ஒன்றரை மணி நேர ஓய்வோ வேண்டியதில்லை. பெரட்டுக் களத்திலும் பிள்ளை மடுவத்தின் வாயிலிலும் தண்ணீர்ப் பீலியடியிலும் அவை கேட்கப்படலாம். பலவேளைகளில் கேட்கப்பட்டும் வந்துள்ளன.

மூன்றாவது வழி எப்போதும் கிட்டும் என நாம் கூற முன்வரவில்லை. மேற்கூறிய தாய் இவ்வினாக்களையெல்லாம் கேட்ட பின்னரும் வெளிநாடு செல்லவே நேரலாம். அவ்வாறு சென்றாலும், நிர்ப்பந்தத்தை நிர்ப்பந்தமென அறிந்து செல்வதற்கும், அதனை இறைவனின் விருப்பமென நம்பிச் செல்வதற்கும் பெரும் வேறுபாடுண்டு. முன்னையவள் திரும்பிவந்து தன் மகளின் தலைமுறைக்கு வேறொரு வழி வேண்டுமெனக் கேட்கும் உரிமையைத் தன்னிடமே வைத்திருப்பாள். பின்னையவளிடம் அவ்வுரிமை செபத்தின் பெயரால் பறிக்கப்பட்டுவிடுகின்றது. ஊவாவில் இனித் தேர்ந்து தெளிதலைப் போதிக்க முனைவோர் தீர்க்கவேண்டிய முதற் பிரச்சினை இதுவே. அதற்கான ஆய்வு நூலகத்திலிருந்து மட்டும் எழுதப்படவியலாது. அத்தாய்மாரின் வாய்மொழியிலிருந்து தொடங்கவேண்டியதாகும்.